முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்

வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பங்களாவில் மூக்காயி துரையின் பிள்ளையை வளர்த்த விதத்தை நினைத்து, கூலி ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவள் உட்காருவாள். தொட்டிலின் பிரம்புக் காலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தன் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வாள். பிள்ளை புரண்டால் நூல் இழுக்கும். சிணுங்கினால் காது சொல்லும். பால் கக்கினால் வாடை வந்துவிடும். அவள் கண் மட்டும் எதிரே பெய்யும் மழையில் இருக்கும். மழைக்கு அப்பால் காப்பிச் சரிவு, அதற்கு அப்பால் மடுல்கெல்லப் பக்கத்து மலை, அதற்கு மேலே ஒன்றும் தெரியாத வெள்ளை.

"மாடு மேய்க்கிறவன்கூட மாட்டைப் பாத்துத்தான் நிப்பான். இவ புள்ளைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் குந்தியிருக்கா" என்பாள் பாலம்மா. மூக்காயியின் லயத்தில் அடுத்த அறைக்காரி அவள்.

மூக்காயி பதில் சொல்லமாட்டாள். பதில் சொல்லவும் தெம்பு வேண்டும். பகலெல்லாம் பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது. துரையின் மனைவி துரைசானி கொடுத்த பழைய கம்பளிச் சால்வைக்குள் தோள்கள் எப்போதும் கொஞ்சம் குறுகியே இருந்தன. உட்காரும்போதெல்லாம் அவள் வாயிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வரும். எழும்போதும் அதே மூச்சுத்தான்.

அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவள் பிறந்த அன்றே மூக்கைக் குத்தி, குப்பையில் கிடத்தி எடுத்து, அந்தப் பெயரை வைத்தார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எடுத்துப்போய் என்ன செய்யப்போகிறாய் என்று எமனை ஏமாற்றும் வழி அது. எமன் ஏமாந்தான். மூக்காயி தங்கினாள். ஆனால் தங்கியவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. மூத்தது, புருஷன் கறுப்பையாவும் அவளும் ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த காட்டுப் பாதையில் போயிற்று. மண்ணை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை, கூட்டம் முன்னே போய்விட்டது. மற்ற இரண்டும் லயத்தில், மழைக் காலத்தில்.

நடுவில் பிறந்தது பெண். ஒரு நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தபோது, மூக்காயி அதை மடியில் கிடத்தி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சும்மாதான் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் எடுக்க மனம் வரவில்லை. எனக்கா இப்படி ஒன்று என்று நினைத்தாள். அந்த வாரமே அது கண்ணை மூடிவிட்டது. ‘பெத்தவ கண்ணுதான் பொல்லாத கண்ணு’ என்று பிறகு லயத்தில் பேசினார்கள். அவர்கள் பேசுவதற்கு முன்பே மூக்காயி அதைத் தனக்குத் தானே சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவள் எந்தப் பிள்ளையையும் முகத்துக்கு நேராகப் பார்ப்பதில்லை. பாலம்மா கைக்குழந்தையோடு எதிரே வந்தால், பாலம்மா முந்தானையை இழுத்து மூடுவதற்குள் மூக்காயி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

அப்படிப்பட்டவளைத்தான் பங்களாவுக்கு ஆயாவாக அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஆயா குளிர் தாங்காமல் திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் காலையில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், பழனியாண்டி கங்காணி சத்தம் போட்டார்.

"தொரசாணிக்கு ஆயா ஒண்ணு வேணுமாம். கையில புள்ள இல்லாதவளாப் பாத்து அனுப்பச் சொல்லுறாங்க. யாரு இருக்கா?"

எல்லார் கண்ணும் மூக்காயி மேல் விழுந்தது. கையில் பிள்ளை இல்லாதவள் அவள்தான். ஏன் இல்லை என்பதை யாரும் பேசவில்லை. நினைவு வந்தவர்களும், வெள்ளைக்காரன் பிள்ளைதானே என்று இருந்துவிட்டார்கள்.

"நா மாட்டேங்க" என்றாள் மூக்காயி.

"மழையில பழம் பறிக்கிறதுக்குப் பதிலா கூரைக்குக் கீழ குந்தியிருக்கச் சொல்லுறேன். கசக்குதோ?" என்றார் கங்காணி. கூட்டம் சிரித்தது. அத்தோடு முடிந்தது பேச்சு.

துரைசானி ரொம்பவும் இளம்பெண். கப்பலை விட்டு இறங்கியதும் கண்டியில் ஓர் இரவு தங்கிவிட்டு நேரே இந்த மலைக்கு வந்தவள். பேசிச் சிரிக்க ஒரு பெண்துணை கிடையாது. துரை விடிந்தால் குதிரையேறிக் காப்பிக் காட்டுக்குப் போய்விடுவார். பிள்ளையின் பெயர் வில்லி. துரைசானிக்குத் தமிழ் வராது, மூக்காயிக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நின்றவர் குசினியில் சமையல் செய்த முனாப். கலகெதரைக்காரர். கண்டியில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டலில் சட்டி கழுவி, பிறகு சட்டி ஏற்றி, அந்தப் புகையிலேயே இங்கிலீஷும் படித்தவர். மூக்காயி அவரை அண்ணன் முறையில் நானா என்பாள். அவர் அவளைப் புள்ள என்பார்.

பிள்ளை வளர்க்க அவ்வளவு சொற்கள் தேவைப்படவில்லை. கொஞ்ச நாளில் பால், தண்ணீர், துணி எல்லாவற்றுக்கும் உள்ள இங்கிலீஷ் சொற்கள் அவளுக்குப் பழகிவிட்டன. தடுமாற வைத்தவை இரண்டுதான். ஒன்று லுக். இன்னொன்று வாட்ச். இரண்டுக்கும் முனாப் முதலில் ஒரே பொருள்தான் சொன்னார்: பார்.

ஆனால் மூக்காயி சொல்லைக் கேட்பதைவிடச் சொல்லுகிறவர் முகத்தையே அதிகம் கவனிப்பவள். துரைசானி வெளியே கிளம்பும்போதுதான் வாட்ச் வரும். தொப்பியைக் கட்டிக்கொண்டே, கதவுப் பக்கம் பாதி திரும்பியபடி அதைச் சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவள் திரும்பி வரும்வரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. லுக் அப்படியில்லை. பிள்ளை கால் விரலைப் பிடித்து வாயில் வைத்தாலோ, தன் நிழலைக் கண்டு சிரித்தாலோ துரைசானி ஓடிவந்து மூக்காயியின் தோளைத் தொட்டு அதைச் சொல்லுவாள். அப்போது அவள் முகம் விளக்கேற்றியதுபோல இருக்கும். அந்தச் சொல்லில் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. கூட நின்று ஆசையோடு பார்த்தால் போதும்.

"இது ரெண்டும் ஒண்ணு இல்ல நானா" என்றாள் ஒருநாள் குசினி வாசலில் உட்கார்ந்து.

முனாப் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றது சரிதான் புள்ள. வாட்ச் எண்டா, காப்பி ஸ்டோர்ல ராத்திரிக்குக் காவல்காரன் நிக்கிறானே, அது. லுக் எண்டா பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை செய்றது."

"அப்ப காவக்காரனுக்குக் கண்ணு வேணாமா?"

"நம்மட காவல்காரன் கண்ண மூடிக்கிட்டுத்தானே காவல் காக்குறான்? அவன்ட கொறட்டையைக் கேட்டுக் கள்ளன் ஓடிடுறான்."

மூக்காயிக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அப்படி எப்போதாவதுதான் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் மனம் கொஞ்சம் நிம்மதியாயிற்று. தன்னால் முடிந்தது எது, முடியாதது எது என்று அவளுக்கு இப்போது தெளிவாகிவிட்டது. காவல் காக்க முடியும். அதற்கு நூல் இருக்கிறது, காது இருக்கிறது, மூக்கு இருக்கிறது. மற்றதை அவள் செய்யமாட்டாள். செய்தால் இந்தப் பிள்ளையும் போய்விடும்.

துரைசானி லுக் என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் துரைசானியின் முகத்தைப் பார்ப்பாள். இல்லாவிட்டால் பிள்ளையின் பாதத்தைப் பார்ப்பாள். குளிப்பாட்டும்போது முதுகு, கை, தொடை என்று துண்டு துண்டாகத்தான் அவளுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். துரைசானி காணாத நேரத்தில் அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்து அதன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைப்பாள். சாயங்காலம் துரைசானி அதை அழுக்கென்று நினைத்துச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். மறுநாள் மூக்காயி மறுபடி வைப்பாள். இப்படியே அந்தப் பிள்ளை உட்கார்ந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது.

தவழத் தொடங்கியதும் நூல் போதவில்லை. அவள் பழைய சேலைக் கரையைக் கிழித்துத் திரித்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். விறாந்தையில் பிள்ளை தன்பாட்டில் சுற்றும். அவள் காப்பிச் சரிவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். படிக்கட்டுப் பக்கம் போனால் கயிறு இறுகும், இழுத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் துரைசானி வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே உலாத்தலிலிருந்து திரும்பிவிட்டாள். அவள் கண்டது, கயிற்றில் கட்டிய தன் பிள்ளையையும், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆயாவையும்தான். நாயைக் கட்டுவதுபோல இருந்தது அந்தக் காட்சி. துரைசானி கயிற்றை அவிழ்த்து எறிந்தாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். கோபத்தில் கத்தவில்லை. அழுதாள். அதுதான் மூக்காயிக்குப் பயமாயிருந்தது.

முனாப் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். துரைசானி அவரிடம் மளமளவென்று சொன்னாள். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"என்னா சொல்லுறாங்க?"

"ஒனக்கு இந்தப் புள்ளயப் புடிக்கல்லயாம். இம்புட்டு மாசமா ஒருக்காக்கூட நீ அதுட மொகத்தப் பாத்துச் சிரிக்கல்லயாம். இந்த மலையில புள்ளயக் காட்டி ஆசப்பட அவங்களுக்கு வேற ஆள் இல்ல, ஒன்னத்தானே கூப்பிடுறாங்க? நீ வேற எங்கயோ பாக்குறியாம். நாளைல இருந்து புள்ளக்கி நேரா இருந்து பாக்கணும். இல்லாட்டிக் காப்பிக் காட்டுக்குப் போகட்டுமாம்."

மூக்காயி தரையில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள்.

"எங் கண்ணு ஆகாது நானா. நா பாத்ததெல்லாம் போயிருச்சு. அதச் சொல்லுங்க."

முனாப் துரைசானி பக்கம் திரும்பினார். வரிசையாகப் பிள்ளைகளைப் புதைத்தவள் என்று சொன்னால் இந்த வெள்ளைக்காரப் பெண் கண்ணூறுக்குப் பயப்படமாட்டாள், வாந்திபேதிக்குப் பயப்படுவாள். இன்றைக்கே மூக்காயியை வாசற்படி இறக்கிவிடுவாள். அவர் துரைசானியிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். துரைசானியின் முகம் கொஞ்சம் இளகியது.

"என்னா சொன்னீங்க?"

"நீ வெக்கப்படுற ஆள் எண்டு சொன்னேன்."

"வெக்கமா எனக்கு!" என்றாள் மூக்காயி.

"பின்ன என்னத்தச் சொல்ல? நீ போயிட்டா வேறொருத்தி வருவா. அவளுக்கு இந்தக் கயிறு கட்டத் தெரியுமா? படியில உருண்டுரும் புள்ள."

அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. போனால் காவல் இல்லை. இருந்தால் பார்க்க வேண்டும். அவள் அன்று சாயங்காலம் லயத்துக்கு இறங்கிப் போகும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனாள். கறுப்பையாவிடம் சொன்னாள். அவன் நாள் முழுக்கக் குழி வெட்டிவிட்டு வந்திருந்தான். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே அவனுக்குக் கண் சொருகியது.

"பாக்கச் சொன்னா பாத்துட்டுப் போயேன் புள்ள" என்றான். அவன் அவள் கண்ணைக் குற்றம் சொன்னதே இல்லை. நம்பினானா இல்லையா என்று அவளும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு இருவருக்கும் ஒருநாளும் தெம்பு மிஞ்சியதில்லை.

மறுநாள் காலை, துரைசானி தன் கையாலேயே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிலுக்கு எதிரே போட்டாள். மூக்காயி கதிரையில் உட்காருகிறவள் இல்லை. துரைசானி அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்தக் கை மெத்தென்று இருந்தது. அதில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "லுக்" என்றாள். பிறகு, தானும் பார்த்தால் ஆயா கூச்சப்படுவாள் என்று நினைத்தாளோ என்னவோ, அறையை விட்டுப் போய்விட்டாள்.

மூக்காயி கொஞ்ச நேரம் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளை ஏதோ ஒரு சத்தம் போட்டது. அவள் நிமிர்ந்தாள்.

தலைமயிர் காய்ந்த மாணாப்புல்லின் நிறத்தில் இருந்தது. அது அவளுக்குத் தெரியும், தினமும் கழுவுகிறவள். ஆனால் புருவம் இவ்வளவு வெளிறி, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மூக்கு சின்னது. கீழ் உதட்டில் எச்சில் ஒரு துளியாக நின்றது. கண்கள் மழை விட்டபிறகு மலைக்கு மேலே கொஞ்ச நேரம் தெரியுமே, அந்த வானம். அந்தக் கண்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டன. அதுதான் அவளைக் கலக்கியது. அவள் அதைப் பார்க்காமல் இருந்த அத்தனை நாளும் அது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் முதுகை, கொண்டையை, காதோலையை. பிள்ளை இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தது.

மூக்காயி பார்த்தாள். நீண்ட நாளாய்ச் சுமந்துவந்த விறகுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கி வைத்ததுபோலக் கழுத்தெல்லாம் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியிலேயே கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கா இப்படி ஒன்று என்று நினைப்பு ஓடியது. நினைத்த பிறகுதான், என்ன நினைத்தோம் என்று உணர்ந்தாள். சட்டென்று கதிரையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அன்று பின்னேரமே பிள்ளைக்கு உடம்பு சுட்டது.

துரைசானி மருந்துக் கரண்டியோடும் ஈரத் துணியோடும் அறைக்குள் அலைந்தாள். துரை கண்டிக்கு ஆள் அனுப்பி வைத்தியரைக் கூப்பிடலாமா என்று மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்காயி குசினிக்கு ஓடினாள். மிளகாயும் உப்பும் கையில் எடுத்து, அறை வாசலில் நின்று, யாரும் கவனிக்காதபோது பிள்ளை இருந்த பக்கமாகச் சுற்றினாள். திரும்பி வந்து அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி ஏறாது. படாதிருந்தால் எல்லோரையும் இருமவைத்துவிடும்.

அவள் அடுப்புக்கு முன்னால் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"நெடி வரல்ல நானா."

முனாப் முந்தியே இருமத் தொடங்கியிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அங்கே நின்று, "நெடி வரல்லயா? என்னக் கொன்னு மௌத்தாக்கிப் போடுவாய் போல ஈக்கி. கண்ணூறும் இல்ல ஒண்ணும் இல்ல. போ புள்ள!" என்றார்.

"அது ஒங்களுக்கு. எனக்கு வரல்ல."

"நாலு நாளா ஒனக்குச் சளி. மூக்கடச்சிருக்கு."

"பாத்தவ நானு. எனக்குத்தானே வரணும்."

முனாப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைகால் கழுவிவிட்டு வந்து, ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து, தனக்குத் தெரிந்ததை ஓதி ஊதினார். "இதக் கொண்டுபோய்ப் புள்ளட நெத்தியில தொட்டு வை. ஒங்கட பக்கம் எங்கட பக்கம் ரெண்டாலயும் கேட்டு வைப்பம்" என்றார். மூக்காயி முகத்தைத் திருப்பிக்கொண்டே, கையால் தடவி நெற்றியைக் கண்டுபிடித்துத் தொட்டு வைத்தாள். துரைசானி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தொடும்போதுகூட இவள் முகம் திரும்பித்தான் இருக்கிறது.

பொழுது விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. பிள்ளையின் கீழ் ஈற்றில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. பல். பல் முளைக்கிற காய்ச்சல்தான். துரைசானி சிரித்துக்கொண்டே ஓடிவந்து மூக்காயியின் கையைப் பிடித்து இழுத்தாள். "லுக்! லுக்!" என்றாள். முந்தின கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

மூக்காயி வாசலிலேயே நின்றுவிட்டாள். "நானா, நா காட்டு வேலைக்கே போறேன்னு சொல்லுங்க" என்றாள்.

இந்தத் தடவை முனாப் மறைக்கவில்லை. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் துரைசானியிடம் சொன்னார். காட்டுப் பாதையில் போனதை, லயத்தில் போனதை, காதுக்குப் பின்னாலிருந்த அழுக்கை. துரைசானி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கேட்டாள். முகம் வெளிறியது. பிறகு மூக்காயியிடம் வந்து, அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும் நேரே அவளிடமே பேசினாள்.

"அதெல்லாம் வீண் பயமாம்" என்றார் முனாப். "அவங்க அத நம்புறதில்லயாம். புள்ளக்கிப் பல்லுக் காய்ச்சல்தானாம். ஒன்ட புள்ளைகள நெனச்சு அவங்களுக்கு மனசு சரியில்லயாம். நீ போக வேணாமாம். எந்தப் பக்கம் பாத்து இருந்தாலும் பரவாயில்லயாம். கயிறும் கட்டிக்கச் சொல்றாங்க."

மூக்காயி அந்த இளம் முகத்தைப் பார்த்தாள். நல்ல பொண்ணு என்று நினைத்தாள். ஊமையைப்போல மலைமேல் தனியாகக் கிடக்கிறது. இருந்துவிடலாம்தான். முந்தாநாள் இதைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பாள்.

"முந்தி பாக்காம இருந்தது லேசு நானா. எப்பிடி இருக்கும்ன்னு தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. முதுகக் காட்டிக் குந்துனாலும் அந்த மொகந்தான் கண்ணுல நிக்கிது. இனி என்னால திரும்பாம இருக்க ஏலாது. அவங்க நம்பல்ல. புள்ளைக்கு அது தெரியுமா? பட்டா புள்ளைக்குத்தானே படும்?"

முனாப் இதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரைசானி உள்ளே போனாள். மூக்காயி சால்வையை மடித்துக் கதிரைமேல் வைத்தாள். துரைசானி திரும்பி வந்து அதை எடுத்து அவள் தோளிலேயே போட்டுவிட்டாள்.

மறுநாள் பெரட்டில் பழனியாண்டி கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டபோது குரலில் கேலி இருந்தது. "பங்களாக்காரி மழையில நனையாமப் பழம் பறிப்பாளா?" மூக்காயி கூடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். புதிய ஆயா கம்பளையிலிருந்து வந்தாள். முதல் நாளே முனாப் அவளுக்குக் கயிறு திரிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்று கேள்விப்பட்டபோது மூக்காயி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காப்பி பூத்தது, பழுத்தது. பறித்தார்கள். ஏதோ ஒரு வருஷம் இலைக்கு அடியில் மஞ்சளாய்த் தூள் ஒட்டத் தொடங்கியது. கை வைத்தால் விரலில் வந்தது. மஞ்சள் கொட்டிய மாதிரி இருக்கிறதென்று முதலில் பெண்கள் விளையாடினார்கள். பிறகு இலை உதிர்ந்தது, பழம் கறுத்தது, மலை மலையாக மரம் நின்றபடியே செத்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். கறுப்பையாவுக்கு இருமல் வந்து, அது அவனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு பங்குனியில் கொண்டுபோயிற்று. மூக்காயி அவனைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமில்லை. பிள்ளைகள்மேல்தான் அவளுக்குப் பயம்.

வெள்ளைப்பாறைத் துரையும் போகிற நாள் வந்தது. வத்தேகமைக்கு இறங்கும் ரோட்டோரத்தில் பெண்கள் செத்த காப்பி மரங்களை வேரோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி, அலுமாரி, கட்டில் எல்லாம் ஏற்றிய மாட்டு வண்டிகள் முதலில் போயின. கடைசி வண்டியில் துரைசானி வந்தாள். பக்கத்தில், தாயின் தோள் உயரத்துக்கு வளர்ந்த வில்லி.

"ஏய் மூக்காயி, ஒன் மகன் வர்றான்டி" என்றாள் பாலம்மா. பாலம்மாவுக்கும் இப்போது வயதாகிவிட்டது. குரலில் பழைய குத்தல் பாதிதான் இருந்தது.

மூக்காயி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தாள், அதே நீண்ட மூச்சோடு. பிறகு ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மண்மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

வண்டி அருகே வந்து மெதுவாயிற்று. துரைசானி பையனிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பேச்சுக்கு நடுவே லுக் என்ற சொல் மூக்காயியின் காதில் விழுந்தது. இந்தத் தடவை அது அவளுக்குச் சொன்னதில்லை.

"மூக்காயி!" என்றான் பையன். வெள்ளைக்காரப் பிள்ளையின் வாய் அல்ல அது, ஆயாக்களிடம் தமிழ் பழகிய, லயத்துப் பிள்ளையின் வாய். "மூக்காயி, நா போறேன்!"

"போறேன்னு சொல்லக் கூடாது சாமி" என்றாள் மூக்காயி, திரும்பாமலே. "போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"போயிட்டு வர்றேன்."

பிறகு வண்டி நகர்ந்தது.

"ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தா என்னாடி கொறஞ்சிருக்கும் ஒனக்கு?" என்றாள் பாலம்மா.

மூக்காயியின் காது வண்டியிலேயே இருந்தது. சக்கரம் கல்லில் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வளைவு. பாலம். அதற்கப்புறம் ஏற்றத்தில் மாட்டுக்காரன் அதட்டுவது. அவளுடைய ஆள்காட்டி விரல், ஏதோ ஒன்று சுற்றியிருப்பதுபோல, லேசாக மடங்கியே இருந்தது. சத்தம் முழுக்கத் தேய்ந்துபோய், மலைப்பக்கமிருந்து காற்று மட்டும் வரத் தொடங்கிய பிறகு அவள் அந்த விரலை நீட்டினாள். மற்றக் கையால் அதைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுக்கொண்டு, குனிந்து மண்வெட்டியை எடுத்தாள்.